இலையின் பெயரால் ஒரு மருந்து: அறிஞர் சுப்பாராவ்

நுழையும் முன்

விழிஞ்ஞம் கடற்கரையின் மணற்பாங்கான இடங்களில் நித்தியகல்யாணிச் செடி யாரும் வளர்க்காமலேயே வளர்ந்து பூத்து நிற்கும். அதன் இலையிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் பொருள் குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு மருந்தாகிறது. அதே நோய்க்குத் தரப்படும் மற்றொரு மருந்து மெத்தோட்ரெக்சேட். அதன் வரலாறும் இலையொன்றிலிருந்தே தொடங்குகிறது. அவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். அவர்தம் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். உடல்நலம் குன்றியதால் பணியிலிருந்து முன்னதாகவே விலக நேர்ந்தது. குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. தாய் வெங்கம்மா மகனின் கல்வி தடைப்படக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

சுப்பாராவ் பள்ளியில் முதல் மாணவராக விளங்கியவர் அல்லர். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்றார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் முறை வெற்றி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்றார். அக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈர்க்கப்பட்டுத் துறவு பூண விரும்பினார். தாய் அதற்கு இசையவில்லை. மக்களுக்குத் தொண்டாற்ற மருத்துவமும் ஒரு வழியே என்றுணர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அவர் கதராடை உடுத்தினார். அறுவை மருத்துவத் துறையின் ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதன் விளைவாக, முழுமையான மருத்துவப் பட்டத்திற்கு மாறாக எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியின் கதவு அவருக்கு அடைபட்டது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

இதற்கிடையே அவர்தம் குடும்பத்தில் பெருந்துயர் நிகழ்ந்தது. உடன்பிறந்தார் இருவரை 'ஸ்புரூ' என்னும் குடல்நோய் அடுத்தடுத்துக் கொண்டுசென்றது. உண்ட உணவின் சத்தை உடல் ஏற்காமல், குருதி வெளுத்து, மெலிந்து மாயும் நோய் அது. அந்நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் பிழைத்தார். ஆயினும், நோயின் காரணத்தை மருத்துவ உலகம் அன்று அறிந்திருக்கவில்லை. அதனை அறியவேண்டும் என்னும் வேட்கை அவருள் வேரூன்றியது.

கடல் கடந்த ஆய்வு

1920களின் தொடக்கத்தில், மாமனாரும் நண்பர்களும் அளித்த பொருளுதவியுடன் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். கையில் பணமில்லை, சென்னையில் பெற்ற சான்றிதழைக் கொண்டு அங்கு மருத்துவராகப் பணியாற்றவும் இயலவில்லை. எனவே, மருத்துவமனை ஒன்றில் இரவு நேரக் கடைநிலைப் பணியாளராக உழைத்துக்கொண்டே படித்தார்.

பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பாருடன் இணைந்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் கண்டறியும் எளிய முறையொன்றை இருவரும் 1925இல் வெளியிட்டனர். மாதிரியுடன் சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அடர்ந்ததோ, பாஸ்பரசும் அவ்வளவு மிகுதி. உயிர்வேதியியல் ஆய்வகங்களில் அம்முறை நிலைத்துவிட்டது.

அம்முறையே அடுத்த கண்டுபிடிப்புகளுக்கும் வழி திறந்தது. தசைகளில் பாஸ்போகிரியேட்டின் என்னும் சேர்மம் இருப்பதை 1927இல் அவர்கள் அறிவித்தனர். 1929இல் தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் சேர்மத்தைப் பிரித்தனர். அதே ஆண்டில் செருமனியில் கார்ல் லோமன் என்பவரும் அதனைக் கண்டறிந்தார். நாம் ஓடுவதற்கும், இதயம் துடிப்பதற்கும், செடி வளர்வதற்கும் வேண்டிய ஆற்றலை உயிரணுக்களுக்குள் எடுத்துச் செல்வது இச்சேர்மமே. சுப்பாராவ் 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். எனினும், ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்கு வழங்கப்படவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்திற்குச் சென்று, அங்கு ஆராய்ச்சி இயக்குநராக உயர்ந்தார்.

கீரையில் மறைந்த சத்து

1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளரான கருவுற்ற பெண்கள் கடுங்குருதிச் சோகையால் வருந்துவதைக் கண்டார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அவர்கள் தேறினர். அச்சாற்றில் உள்ள சத்து எது என்பது அன்று புலப்படவில்லை. 1941இல் டெக்சாசு அறிவியலாளர்கள் பசலைக்கீரையிலிருந்து அத்தகைய சத்தைப் பிரித்து, ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் 'ஃபோலியம்' என்றால் இலை.

டன் கணக்கான கீரையிலிருந்து கிடைத்ததோ மிகச் சிறிதளவே. நோயாளிகளுக்குப் பயன்பட வேண்டுமாயின் அதனை ஆய்வகத்தில் செய்தாக வேண்டும். சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு 1945இல் அதனைச் செய்து முடித்தது. சோகை நோயும் ஸ்புரூ நோயும் அம்மருந்துக்குப் பணிந்தன. உடன்பிறந்தாரைக் காக்க இயலாதவர், அவர்களைப் போன்ற எண்ணற்றோரைக் காக்கும் மருந்தை உலகுக்கு அளித்தார்.

புற்றுநோய்க்கு எதிராக

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்கு மாறாகப் பெருகுவதுபோல் தோன்றியது. அத்தோல்வி ஓர் உண்மையைக் காட்டியது. உயிரணு பிரிந்து பெருக ஃபோலிக் அமிலம் தேவை. புற்றணுவோ மிக விரைந்து பெருகுவது. ஆகவே, அச்சத்து கிடைக்காமல் தடுத்தால் புற்றணுவின் பெருக்கமும் தடைப்பட வேண்டும்.

சுப்பாராவின் ஆய்வகம், ஃபோலிக் அமிலத்தை ஒத்த வடிவமும் மாறான செயலும் உடைய சேர்மங்களைச் செய்து தந்தது. பூட்டினுள் நுழைந்தும் திறவாமல் துளையை அடைத்துக்கொள்ளும் போலிச் சாவி போன்றவை அவை. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரின் 1947இன் இறுதியில் குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டது. 1948 சூனில் ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. அத்தணிவு சில காலமே நீடித்தது. ஆயினும், ஒரு மருந்தால் அந்நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்று முதன்முதலாக மெய்ப்பட்டது. அதன் உறவான மெத்தோட்ரெக்சேட், பிற மருந்துகளோடு சேர்ந்து இன்றுவரை குழந்தைகளைக் காத்துவருகிறது.

பிற கொடைகள்

அவர்தம் ஆய்வகத்தில், ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர், மண்ணில் வாழும் பொன்னிற நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்னும் நோய்க்கொல்லி மருந்தைக் கண்டறிந்தார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் முதலாவது அதுவே. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ராசன் மருந்தும் 1947இல் அங்கிருந்தே அறிவிக்கப்பட்டது. கேரளக் கடலோரத்தில், குறிப்பாகச் சேர்த்தலைப் பகுதியில், மக்களை நெடுங்காலம் வாட்டிய நோய் அது. அதனை ஒழிக்க இன்றும் நம் நாட்டில் டி.இ.சி. என்னும் பெயரில் வழங்கப்படும் மாத்திரை அம்மருந்தே.

மறைவு

சுப்பாராவ் தாயகம் திரும்பவே இல்லை. அவர் மனைவி சேஷகிரி கணவரை மீண்டும் காணவில்லை. மகன் பச்சிளம் பருவத்திலேயே இறந்தான். 1946இல் இந்தியரும் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் திருந்திய பின்னரும் அவர் அதனைப் பெறவில்லை. 1948 ஆகஸ்டில் தம் 53ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டே திங்கள் ஆகியிருந்தன.

கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசும் மேடைகளில் அவர் தாமே முன் நின்றவர் அல்லர், குழுவினரை முன்னிறுத்தினார். ஆகவே, பலருக்கு அவர் பெயர் தெரியாமற் போயிற்று. பூஞ்சை இனம் ஒன்றுக்குச் 'சுப்பரோமைசிஸ்' என்று பெயரிட்டு அறிவியலாளர் அவரைப் போற்றினர். 1995இல், நூற்றாண்டு நிறைவில், இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. பள்ளித் தேர்வில் இருமுறை தோற்ற மாணவர் ஆக்கித் தந்த மருந்துகள், அவர் பெயரையே கேட்டறியாத இல்லங்களில் இன்றும் உயிர் காத்து வருகின்றன.

பயிற்சி

அ. பொருள் அறிக: வேட்கை – பெருவிருப்பம், சோகை – குருதிக் குறைவு, திங்கள் – மாதம்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சுப்பாராவுக்கு முழுமையான மருத்துவப் பட்டம் கிடைக்காமற் போனது ஏன்?
2. ஃபோலிக் அமிலம் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?

இ. சிந்தித்து எழுதுக.
ஃபார்பரின் முதல் முயற்சி தோல்வியாக முடிந்தும் புதிய மருந்துக்கு வழிகாட்டியது எவ்வாறு? உம் சொற்களில் ஒரு பத்தி எழுதுக.