தஞ்சைச் சுவிசேடக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார்

பெரியோர் தம் வழியினர்க்கு வைத்துச் செல்லும் பொருள் பலவகைப்படும். நிலமும் மனையும் பத்திரத்தாற் கைமாறும். பொன்னும் பணமும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும். பத்தியோ அவ்வாறு எழுதிக் கொடுக்கத்தக்க பொருளன்று. முதியோரும் சிறுவரும் ஓரிடத்திருந்து, உடனுண்டு, உடன்பாடி, நாடோறும் பழகுவதனாலேயே அது ஒரு தலைமுறையினின்று மற்றொரு தலைமுறையைச் சென்றடையும். இதற்குத் தக்க சான்றாக விளங்குபவர், நம் வேளாளர் மரபிற்றோன்றிய கிறித்தவப் புலவராகிய வேதநாயக சாஸ்திரியார். நம் சங்கத்திற் சைவ வைணவக் குடும்பங்களும் கிறித்தவக் குடும்பங்களும் உறவு கலந்து வாழ்தலின், அவருடைய சரிதம் யாவர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ஆம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தார். தந்தையார் சைவக்குடியிற் பிறந்து, கிறித்து மார்க்கந் தழுவித் தேவசகாயம் என்னும் பெயர் பூண்டவர், தமிழறிவும் உடையவர். ஆகவே பாட்டும் பிரார்த்தனையும் இச்சிறுவருக்கு வீட்டிலேயே கிடைத்த செல்வங்களாயின.

1785-ஆம் ஆண்டிற் சுவார்த்தர் என்னும் ஜெர்மானிய தேசத்துக் குருவானவர் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1726-இற் பிறந்து 1750-இல் தரங்கம்பாடி சேர்ந்த அவர், தமிழ், மராத்தி, பார்சி முதலிய பல மொழிகளை அறிந்தவர், விவாகஞ் செய்துகொள்ளாதவர். அறுபதை அணுகிய அம்முதியவர், சிறுவருடைய கூர்த்த அறிவைக் கண்டு வியந்து, தந்தையார் இசைவு பெற்றுத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். சொந்தப் பிள்ளையும் பேரனும் இல்லாத அவர், இச்சிறுவரைப் பேரனைப் போலவே போற்றினார். கிழவருடைய எளிய உணவையும், மாலைதோறும் மக்களைக் கூட்டிச் செய்யும் செபத்தையும், ஏழைகளிடத்தும் அரசரிடத்தும் ஒரே தன்மையாய் உரையாடும் நேர்மையையும் அருகிருந்து காணும் பேறு சிறுவருக்கு வாய்த்தது. நூலிற் கற்ற வேதபாடத்தினும் இவ்வாழ்க்கையே அவருள்ளத்தில் ஆழப் பதிந்திருத்தல் வேண்டும்.

பின்னர்ச் சாஸ்திரியார் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டு, ஆங்கிருந்த ஜான் முதலிய ஐரோப்பியப் பண்டிதர்களிடத்து வேத சாஸ்திரத்தோடு வானநூல், பூகோளம் முதலியனவும் கற்றார். மீண்டு வந்து தஞ்சைப் பாடசாலையில் தலைமையாசிரியராய் அமர்ந்தார்.

சுவார்த்தரிடம் வளர்ந்த மற்றொரு சிறுவரையும் ஈண்டு நினைத்தல் தகும். அவரே தஞ்சை மன்னராகிய சரபோஜி. 1777-இற் பிறந்த அவரை 1787-இல் துளஜாஜி மன்னர் தத்தெடுத்துச் சுவார்த்தருடைய பாதுகாப்பில் ஒப்புவித்தார். அரசுரிமையில் அவருக்கு இடையூறு நேர்ந்தபோது தந்தையைப் போல் உடனின்று காத்தவர் அக்குருவானவர். எனினும் சரபோஜி மன்னர் தம் முன்னோர் சமயத்திலேயே இறுதிவரை நின்றார். சுவார்த்தர் அதுபற்றி அவர்பால் அன்பு குறைந்தாரல்லர். மன்னரும் நன்றி மறந்தாரல்லர். 1798 பிப்ரவரி 13-இற் சுவார்த்தர் காலமான பின், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஞாபகச் சின்னம் செய்வித்துத் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் நிறுவினார். மரணப் படுக்கையிலிருக்கும் குருவின் அருகே மன்னர் நிற்கும் காட்சியை அதிற் காணலாம். ஒரு முதியவரின் நிழலில் வளர்ந்த இருவருள் ஒருவர் கிறித்தவக் கவிராயரானார். ஒருவர் கலைகளைப் புரந்த இந்து மன்னரானார். இருவரும் தம்முள் நட்புப் பாராட்டினர். ஆசிரியர் விதைத்த அன்பு இருவரிடத்தும் பழுதின்றிப் பலித்தது.

இனி, சாஸ்திரியாருடைய புலமைத் தொண்டினை நோக்குவோம். அவர் இயற்றிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டன என்பர். அவற்றுட் பெத்லகேம் குறவஞ்சி 1800-ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. குறத்தி மலைவளமும் குறியுங் கூறும் பழைய அமைப்பிலேயே வேத சரித்திரத்தையும், கிரகங்கள் சூரியனைச் சுற்றிவரும் புதிய வானநூலையும் அதில் அமைத்தார். ஞானக்கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, ஞான நொண்டி நாடகம், நோவா பேழை செய்த கதையைக் கூறும் ஞானத்தச்ச நாடகம் என இவ்வாறு வரும் பெயர்களே அவர் நோக்கத்தைப் புலப்படுத்தும். கும்மி முற்றத்திற் பெண்டிரும் சிறுமியரும் கைகொட்டி ஆடுவது. ஏற்றப்பாட்டு, கிணற்றில் நீரிறைப்போர் சாலை எண்ணிக்கொண்டே பாடுவது. கோமுகி மணிமுத்தாறு பாயும் நம் கள்ளக்குறிச்சிப் பகுதியில், மின்சார இறைவை வருமுன் வைகறையில் ஏற்றப்பாட்டுக் கேட்ட முதியோர் இன்றும் சிலர் உளர். பாடுபவன் எண்ணிக்கைக்காகப் பாடுவான். வரப்பில் அமர்ந்திருக்கும் பேரனோ அப்பாட்டை முயற்சியின்றி மனப்பாடம் செய்துவிடுவான். இவ்வியல்பை நன்கறிந்தே சாஸ்திரியார் வேதப்பொருளைத் தொழிலோடும் விளையாட்டோடும் பிணைத்தார்.

தம் வீட்டையும் அவர் பாட்டுப் பள்ளியாக்கினார். மகளார் ஞானதீப அம்மையார் இசையில் வல்லவராய்த் தந்தையாருடைய பாடல்களைப் பாடினார். மக்களும் அவர்தம் வழிவந்தோரும் கதாகாலக்ஷேபத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்தனர். தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் அவர் கீர்த்தனைகள் பாடப்படுகின்றன.

இல்லத்தைப் பள்ளியாகக் கொள்ளுதல் அச்சமயத்தார்க்குப் பழைய வழக்கேயாம். தீமோத்தேயு என்னும் இளைஞருடைய விசுவாசம் முதலிற் பாட்டியாராகிய லோவிசாளிடத்தும், பின்பு தாயாராகிய ஐனிக்கேயாளிடத்தும் இருந்ததெனப் பவுல் அடிகள் தம் நிருபத்திற் குறித்துள்ளார். மார்ட்டின் லூதர் 1529-இற் சிறிய ஞானோபதேச நூலை வெளியிட்டபோதும், குடும்பத்தலைவர் தம் வீட்டார்க்குக் கற்பிக்கும் வண்ணமே அதனை அமைத்தார். தரங்கம்பாடிச் சபையார் வழியாக இம்முறை தமிழ்நாட்டுக் கிறித்தவ இல்லங்களிலும் பரவிற்று.

இனி, மறைக்கத்தகாத ஒன்றையும் கூறுதல் கடன். தஞ்சைச் சபையில் வேளாளரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் வெவ்வேறிடத்தில் அமரும் வழக்கம் அந்நாளில் இருந்தது. பின்வந்த குருமார் அதனை ஒழிக்க முற்பட்டபோது, சாஸ்திரியார் முன்னோர் வழக்கென்று அதனைத் தாங்கி எழுதினார்; அப்பிணக்கில் தம் ஆசிரியப் பதவியையும் இழந்தார். 1833-இற் கல்கத்தா அத்தியட்சர் வில்சன் சபையினுட் சாதிவேற்றுமை கூடாதெனக் கட்டளையிட்டார். இவ்விடயத்திற் சாஸ்திரியார் கொண்ட கொள்கையை யாம் ஏற்கின்றிலோம். எல்லாரும் ஒரு தந்தையின் மக்களென்று பாடிய நாவினர், அருகமர்தற்கு உடன்படாமை வருந்தத்தக்கதே. பழக்கத்தின் வன்மையையும் இதனால் அறிகின்றோம். பாட்டும் செபமும் செல்லும் அதே வழியால், பேதவுணர்ச்சியும் பெரியோரிடமிருந்து பிள்ளைகளைச் சேர்ந்துவிடுகின்றது. சிறுவர் நாம் கற்பிப்பதை மட்டுமன்றி, நாம் யாரைத் திண்ணையில் அமர்த்துகின்றோம், யாரை வாயிலில் நிறுத்துகின்றோம் என்பதையும் கற்றுக்கொள்கின்றனர். சாதியின் பெயராற் கூடிய நம் சங்கத்தார்க்கு இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டற்பாலது.

1832-இற் சரபோஜி மன்னர் காலமானபின் சாஸ்திரியார்க்கு அரண்மனை ஆதரவும் நின்றது. எனினும் அவர் பாடுதலை விட்டாரல்லர். 1864 ஜனவரி 24-ஆம் நாள், 90-ஆம் வயதில் தஞ்சையிற் காலஞ்சென்றார்.

இன்று நம் மாவட்டத்தில், தாய் தந்தையர் பிழைப்புக்காக வெளியூர் சென்றிருக்க, பாட்டன் பாட்டியரிடத்தே வளரும் பிள்ளைகள் பலர். எம் வகுப்பறையிலும் அத்தகையோரைக் காண்கின்றோம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரமும், இரவிற் சோறிடும் நேரமும், உறங்கச் செய்யும் நேரமும் அம்முதியோர் கையிலேயே உள்ளன. கிறித்தவராயின் ஒரு கீர்த்தனையும், சைவராயின் ஒரு தேவாரமும், வைணவராயின் ஒரு பாசுரமும் அந்நேரங்களிற் பாடலாம், கதை கூறலாம், பிள்ளை வினாவுவதைப் பொறுமையுடன் கேட்கலாம். அவன் நம் வழியே வரினும், சரபோஜி மன்னரைப் போல வேறு வழியே நிற்பினும், அன்பிற் குறைவு செய்யாதிருத்தல் வேண்டும். முன்னோரிடமிருந்து நமக்கு வந்தவற்றுள் நல்லனவற்றைக் கொடுத்துத் தீயனவற்றை நம்மோடு நிறுத்திக்கொள்வோமாயின், அதனினும் சிறந்த முதுசொம் நம் பேரர்க்கு வேறில்லை.