கொள்ளைநோயை எதிர்கொண்ட ஹாஃப்கின்

1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் பம்பாயில் தோன்றிய அந்நோய், இருப்புப்பாதை வழியே ஊர் ஊராகக் கடந்து மைசூர் அரசின் எல்லைக்குள் வந்திருந்தது. அங்கிருந்து ஓசூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுதான். அக்காலத்தில் ஓசூர், சேலம் மாவட்டத்தின் ஒரு வட்டம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை முதலிய மலைப்பகுதி ஊர்கள் மைசூர் எல்லையை ஒட்டியே கிடந்தன. எல்லைக்கு இப்பால் வீடும் அப்பால் சந்தையும் உறவும் கொண்டிருந்த மக்களுக்குத் திடீரென ஒரு கோடு கிழிக்கப்பட்டது. நோயுள்ள ஊரிலிருந்து சென்னை மாகாணத்திற்குள் வருவோர் 'பிளேக் பாஸ்போர்ட்டு' என்னும் சீட்டைப் பெற்று, பத்து நாள்கள் அதிகாரிகளின் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. அச்சமுற்ற மக்கள் அம்மனைச் சரணடைந்தனர். கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உள்ளன.

அந்நோய்க்கு எதிராக அன்று மனிதரிடம் இருந்த புதிய கருவிகளுள் ஒன்று தடுப்பூசி. அதனைப் பம்பாயில் ஓர் அறையும் தாழ்வாரமும் மட்டுமே கொண்ட ஆய்வகத்தில் உருவாக்கியவர் வால்டெமர் ஹாஃப்கின்.

நாடற்ற இளைஞர்

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள், கருங்கடற்கரையில் உள்ள ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரம் அப்போது ரஷியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் மெச்னிகோவ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். யூதர்கள்மீது வன்முறை ஏவப்பட்டபோது தம் மக்களைக் காக்கும் குழுவில் சேர்ந்து நின்றமையால் ஹாஃப்கின் சிறைப்பட்டார். மதம் மாறினால் ஆசிரியப் பணி கிடைக்கும் என்ற நிலையிலும் அவர் மாற மறுத்தார். நாட்டைவிட்டு ஜெனீவா சென்றார். பின்பு 1889இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தை அடைந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது உதவி நூலகர் வேலை. நூல்களை அடுக்கிய நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் நுண்ணுயிர் ஆய்வில் கழிந்தது.

1892ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காலராவிற்கான தடுப்பூசியை அவர் உருவாக்கி, முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்து நீங்கியது. எனினும், ஐரோப்பிய அறிஞர் பலர் அதனை ஐயத்துடனேயே நோக்கினர். காலராவின் தாயகமாகக் கருதப்பட்ட இந்தியாவிலேயே அதனைச் சோதிக்க விரும்பி 1893இல் கல்கத்தா வந்தார்.

அடுத்த ஆண்டு கல்கத்தாவின் காட்டல் பாகான் என்னும் குடிசைப்பகுதியில் காலரா பரவியது. ஏறத்தாழ 200 பேர் வாழ்ந்த அவ்விடத்தில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் பத்துப்பேரை நோய் பற்றியது, எழுவர் இறந்தனர். அப்பத்துப்பேரும் ஊசி போடாதவர்களே. அந்நியர் ஒருவர் ஊசியுடன் வருவதைக் கண்டு மக்கள் அஞ்சியது இயல்பு. அவ்வச்சத்தைப் போக்கியவர்கள் அவருடன் சென்ற வங்காள மருத்துவர்கள். மக்கள் முன்னிலையில் அவர்கள் தாமே முதலில் ஊசி போட்டுக்கொண்டனர். அவர்கள் இன்றி அம்முயற்சி ஓரடியும் நகர்ந்திராது எனலாம்.

பம்பாயில்

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் உறுதிசெய்யப்பட்டது. அக்டோபரில் ஹாஃப்கின் அங்கு அனுப்பப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஓர் எழுத்தர், மூன்று ஏவலர் ஆகியவையே அவருக்கு வழங்கப்பட்டவை. இறைச்சிச் சாற்றில் பிளேக் கிருமிகளை வளர்த்தார். சாற்றின் மேற்பரப்பில் சிறிது நெய்யை மிதக்கவிட்டபோது, அதிலிருந்து கிருமித்திரள் விழுதுகள்போல் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தது. அதனைச் சூட்டினால் கொன்று மருந்தாக்கினார். இந்துக்களும் இசுலாமியரும் மனம் புண்படாதிருக்க ஆட்டிறைச்சிச் சாற்றையே அவர் பயன்படுத்தினார் என்பது கருதத்தக்கது. 1897 சனவரி 10ஆம் நாள், பிறர்க்கு அளிக்கக் கருதியதைவிட மிகுதியான அளவைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார்.

அம்மாத இறுதியில் பைக்குல்லாச் சிறையில் நோய் புகுந்தது. விரும்பி முன்வந்த கைதிகளுக்கு மட்டும் ஊசி போடப்பட்டது. ஊசி போடாதவருள் பன்னிருவர் நோயுற்று அறுவர் மாண்டனர். போட்டவருள் இருவரே நோயுற்றனர், அவ்விருவரும் பிழைத்தனர். ஆகா கான் முன்வந்து தாமே ஊசி போட்டுக்கொள்ள, அவரைப் பின்பற்றிய கோஜா சமூகத்தினர் ஆயிரக்கணக்கில் வந்தனர்.

அதே 1897இல் அரசு தொற்றுநோய்கள் சட்டத்தை இயற்றியது. பூனாவில் படைவீரர்கள் வீடுகளுக்குள் நுழைந்து நோயாளிகளைத் தேடினர், பெண்கள் பொதுவிடங்களில் சோதிக்கப்பட்டனர், உடைமைகள் எரிக்கப்பட்டன. மக்களின் சினம் மூண்டது. பிளேக் அதிகாரி ராண்டு, சாபேகர் உடன்பிறந்தாரால் சுடப்பட்டு இறந்தார். நோயை ஒடுக்க வந்த ஆட்சி, மக்களுக்கு நோயைவிடக் கொடியதாய்த் தோன்றிய காலம் அது. ஹாஃப்கினோ எவர்மீதும் ஊசியைத் திணித்தலாகாது என்ற கொள்கையுடையவர். ஒரே நோய்க்கு எதிரான இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு நோக்காதவர் அக்கால வரலாற்றை முழுமையாக அறிந்தவர் ஆகார்.

1898இல் பால்லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயை மனிதருக்குக் கடத்துகிறது எனக் கராச்சியில் கண்டறிந்தார். தானிய மூட்டைகளுடன் எலியும், எலியுடன் தெள்ளும் பயணம் செய்தன. எல்லையில் மனிதரை மட்டும் நிறுத்திச் சோதித்தது ஏன் பயனளிக்கவில்லை என்பது அதன்பின்னரே விளங்கத் தொடங்கியது. 1899இல் ஹாஃப்கினின் ஆய்வகம் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது.

முல்கோவால்

1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. சில நாள்களில் அவர்களுள் 19 பேருக்கு ரணஜன்னி கண்டது, அனைவரும் இறந்தனர். அப்பத்தொன்பது பேருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. மற்றப் புட்டிகளின் மருந்தைப் பெற்ற எவர்க்கும் தீங்கு நேரவில்லை. மருந்து விரைந்து கிடைப்பதற்காக, கார்பாலிக் அமிலம் சேர்க்கும் படியை ஹாஃப்கின் அண்மையில் கைவிட்டிருந்தார். விசாரணைக்குழு பழியை ஆய்வகத்தின்மேல் ஏற்றியது. அவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். 1904இல் இந்தியாவைவிட்டு வெளியேறினார்.

ஆவணங்கள் வெளிவந்தபின் வேறோர் உண்மை தெரிந்தது. ஊசி போடப்பட்ட இடத்தில் புட்டியைத் திறந்த உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருந்தது. அதனை முறைப்படி தூய்மை செய்யாமலேயே அடைப்பானை எடுக்கப் பயன்படுத்தியிருந்தார். ரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. புட்டியைத் திறந்தபோது கெட்ட நாற்றம் எதுவும் இல்லை என்பதும் ஆய்வகத்தில் மாசு சேரவில்லை என்பதற்குச் சான்றாயிற்று. மலேரியா ஆய்வால் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் 1907இல் இலண்டன் இதழில் அவருக்காக வாதாடினர். பழி நீங்கியது. எனினும், கல்கத்தாவில் மீண்டும் பணி அளித்த அரசு, மருந்து உருவாக்கும் பொறுப்பை அவரிடம் தரவில்லை. இஃது அரைகுறை நீதியே. 19 குடும்பங்களின் இழப்பையோ எந்தத் தீர்ப்பும் ஈடுசெய்ய இயலாது.

பணி ஓய்வுக்குப்பின் ஐரோப்பா திரும்பிய ஹாஃப்கின், 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். திருமணம் செய்துகொள்ளாதவர். பரேல் ஆய்வகத்திற்கு 1925லேயே அவர் பெயர் சூட்டப்பட்டது. 1964இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியரைப் பலிகொண்ட பிளேக், ஓசூரை அடுத்துள்ள கோலார்ப் பகுதியில் 1966 வரை மனிதரிடம் காணப்பட்டது. பின்னர் 1994இல் சூரத்தில் தலைகாட்டியது. 1897ஆம் ஆண்டின் அதே சட்டம் 2020இல் கொரோனாவிற்காக மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. அப்போது பெங்களூரிலிருந்து ஓசூருக்குள் வந்தவர்கள் எல்லைச் சோதனைச்சாவடியில் இ-பாசு காட்டி நின்றனர். நோய்பரப்பும் பூச்சிகளையும் விலங்குவழிப் பரவும் நோய்களையும் ஆராயும் தமிழக அரசின் நிறுவனம் இன்று ஓசூரிலேயே இயங்குகிறது. எலிகளைப் பிடித்து, அவற்றின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சிகளைச் சீவியெடுத்து எண்ணிப் பார்ப்பதும் அத்தகைய கண்காணிப்புப் பணிகளுள் ஒன்று.