குமிழைக் கழற்றி ஃபேடரை மாட்டியவர்: யார் இந்த டாம் டௌட்?

ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு 'ரெட்ரோஃபிட்' என்பது புதுச் சொல் இல்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய லேத் மெஷின் ஒன்று இருக்கும். வார்ப்பிரும்பு உடம்பு இன்னும் கல்லு மாதிரி நிற்கும், ஆனால் கன்ட்ரோல் எல்லாம் பழசு. காயலான் கடைக்குப் போடாமல் சர்வோ மோட்டார், என்கோடர், புது கன்ட்ரோலர் மாட்டி மறுபடி ஓட விடுவார்கள்.

ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இதே வேலை நடக்கிறது. பழைய அனலாக் மிக்ஸிங் கன்சோலில் தானாக நகரும் மோட்டார் ஃபேடர்களைப் பொருத்துகிறார்கள். அந்த ஃபேடருக்கே ஒரு முன்கதை உண்டு. அது ஒருவரின் வாழ்க்கைக் கதையும்கூட. அவர் பெயர் டாம் டௌட். (தமிழில் படித்தால் 'சந்தேகம்' மாதிரி கேட்கும். என்ன செய்வது, பெயரே அதுதான்!)

சரி, ஃபேடர்னா என்ன?

மிக்ஸிங் கன்சோல் படத்தைப் பார்த்தால், முன்பக்கம் வரிசையாக மேலும் கீழும் தள்ளும் பட்டன்கள் தெரியும். அவைதான் ஃபேடர்கள். பாடகர் குரலுக்கு ஒன்று, டிரம்ஸுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். அவ்வளவுதான். ஆனால் 1950-களில் பெரும்பாலான கன்சோல்களில் இவை கிடையாது. பழைய ரேடியோவில் இருப்பது போல, கைக்கு அடங்காத பெரிய சுழல் குமிழ்கள்தான் இருந்தன.

டௌட் பிறந்தது நியூயார்க்கின் மன்ஹாட்டனில், 1925 அக்டோபர் 20 அன்று. அம்மா ஓபரா பாடகி, அப்பா இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். வீட்டில் பியானோ, வயலின், டபுள் பேஸ் எல்லாம் கற்றுக்கொண்டார். படிப்பு மட்டும் இயற்பியல் பக்கம் போனது. 1942-ல், 16 வயதில் பள்ளியை முடித்தவருக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. போர்க்காலம். 18 வயதானதும் ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் ஆய்வக வேலை தொடர்ந்தது. அந்த வேலை அணுகுண்டு தயாரித்த 'மன்ஹாட்டன் திட்ட'த்தின் ஒரு பகுதி.

போர் முடிந்தது. அணு இயற்பியலில் பட்டம் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். அங்கேதான் சிக்கல். அவர் செய்த வேலை ராணுவ ரகசியம். அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்கப் பல்கலைக்கழகத்தால் முடியாது. வகுப்பில் நடத்திய பாடமோ, அவர் ஆய்வகத்தில் ஏற்கெனவே தாண்டி வந்த விஷயம். 'இது இப்படி இல்லை' என்று எழுந்து சொல்லவும் முடியாது, ரகசியக் காப்பு. பல வருஷ அனுபவம் கையில் இருக்கிறது, ரெஸ்யூமேயில் மட்டும் ஒரு வரி எழுத முடியாது. நம்மில் பலர் அந்த இடத்தில் கசந்து போயிருப்போம். அவர் இயற்பியலை விட்டுவிட்டு, ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கிருந்து அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ். ஆரம்பத்தில் இந்த நிறுவனத்தின் ஸ்டுடியோ என்பதே ஆபீஸ் அறைதான். பகலில் மேசை போட்டு வேலை பார்ப்பார்கள். ராத்திரி ஆனதும் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு, அதே அறையில் பாட்டு ரெக்கார்டிங். ரே சார்ல்ஸ் பாடியது அங்கேதான்.

அப்போது மிக்ஸிங் என்பது நேரலை மாதிரி. இசைக்குழு வாசிக்கும்போதே சத்தத்தைக் கூட்டிக் குறைத்து முடித்துவிட வேண்டும். 'அன்டூ' கிடையாது. ஒருவர் சொதப்பினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்கணும்.

1958 வாக்கில் டௌட் சொல்லி, ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் 8 டிராக் டேப் ரெக்கார்டரை அட்லாண்டிக் வாங்கியது. கிட்டாரிஸ்ட் லெஸ் பால் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தார். மற்றபடி அப்போது பெரிய ஸ்டுடியோக்களிலேயே அது இல்லை. எட்டுத் தடத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு உட்கார்ந்து நிதானமாகக் கலக்கலாம்.

இப்போது இன்னொரு பிரச்சினை வந்தது. தடம் எட்டு, கை இரண்டு. பெரிய குமிழைச் சுழற்ற ஒரு முழுக் கை வேண்டும். ஆக, ஒரே நேரத்தில் இரண்டு சேனலைத்தான் சரிசெய்ய முடியும். டௌட் பியானோக்காரர் இல்லையா? ஒரு கையில் ஐந்து விரல் இருக்கும்போது ஏன் ஒரே குமிழ் என்று யோசித்தார். தானே ஒரு கன்சோலை வடிவமைத்து, குமிழ்களுக்குப் பதிலாகத் தள்ளும் ஃபேடர்களை நெருக்கமாக வரிசைப்படுத்தினார். இரண்டு கை விரல்களையும் பரப்பி வைத்தால் எட்டுச் சேனலும் கட்டுப்பாட்டில். பியானோ வாசிப்பது போலவே மிக்ஸ் செய்யலாம்.

உலகிலேயே முதல் ஃபேடர் இதுதானா என்று அடம்பிடிக்க வேண்டாம். பாப் இசை ஸ்டுடியோவில் அதை ஒரு வாத்தியம் மாதிரி புழங்க வைத்தவர் இவர். அது போதும்.

கதை அங்கே நிற்கவில்லை. தடங்கள் 16 ஆச்சு, 24 ஆச்சு. பத்து விரலும் போதவில்லை. சிக்கலான பாட்டு என்றால் இரண்டு மூன்று பேர் கன்சோலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். 1970-களில் ஆட்டோமேஷன் வந்தது. ஆனால் பல கன்சோல்களில் சத்தத்தின் அளவு மட்டும்தான் மாறும், ஃபேடர் நகராது. கண் பார்ப்பது ஒன்று, காது கேட்பது இன்னொன்று. அதற்குத் தீர்வாகத்தான் நீவ் நிறுவனத்தின் 'நீகேம்' போன்ற, மோட்டாரே ஃபேடரை நகர்த்தும் முறைகள் வந்தன. பிறகு 'ஃப்ளையிங் ஃபேடர்ஸ்' வந்தது.

பழைய கன்சோலில் இதைப் பொருத்துவது ஓசூர் டெக்னீஷியனுக்குச் சட்டென்று புரியும். பழைய ஃபேடரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் குட்டி டிசி மோட்டாரும் பெல்ட்டும் உள்ள ஃபேடர் உட்காரும். எந்த நொடியில் எங்கே இருந்தது என்பதைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும். விரல் பட்டதும் தொடு உணரி அதைக் கண்டுபிடித்து மோட்டாரை விட்டுக்கொடுக்கச் செய்யும். பெரிய தலைவலி பவர் சப்ளைதான். இத்தனை மோட்டார்கள் ஒரே சமயம் எகிறும்போது மின்சாரத்தைக் குபீரென்று இழுக்கும். தனி சப்ளை, ஒழுங்கான எர்த்திங் இல்லாவிட்டால் அந்த இரைச்சல் பாட்டுக்குள் வந்துவிடும். எந்த ஒலிக்காகப் பழைய கன்சோலை வைத்திருக்கிறோமோ, அதுவே கெட்டுப்போகும்.

டௌட் பிறகு மியாமிக்குப் போனார். ஜான் கோல்ட்ரேன், அரீதா ஃப்ராங்க்ளின், ஓடிஸ் ரெடிங் என அவர் கை பட்ட பெயர்களின் பட்டியல் நீளம். 1970-ல் எரிக் கிளாப்டனை டுவேன் ஆல்மன் வாசித்த கச்சேரிக்கு அழைத்துப் போனதும் அவர்தான். இருவரும் சேர்ந்து வாசித்து வந்ததே 'லைலா' ஆல்பம்.

2002 அக்டோபர் 27 அன்று, 77-வது பிறந்தநாள் முடிந்து ஒரே வாரத்தில் ஃப்ளோரிடாவில் இறந்தார். அடுத்த ஆண்டு அவரைப் பற்றிய ஆவணப்படம் வெளியானது. அதில் வயதான டௌட் கன்சோல் முன் உட்கார்ந்து 'லைலா'வின் தடங்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறார். கிளாப்டன் கிட்டார் தனியாக, ஆல்மன் கிட்டார் தனியாக. ஃபேடர்களை நகர்த்துவது மோட்டார் இல்லை, அவருடைய விரல்கள். முகத்தில் சின்னப் பையன் சிரிப்பு.