முப்பது வயது மாணாக்கர்



பிழை வந்துவிடுமோ என்று அயல்மொழி பேசக் கூசும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. இனி இந்த வயதில் என்ன படிப்பு என்று ஒதுங்கும் பெரியோரும் உண்டு. நம் கடலூர் மாவட்டத்துக் கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோவில் எழுப்பிய வீரமாமுனிவரைச் சற்று நினையுங்கள்.

இத்தாலியில் 1680-ல் பிறந்த இவர், சேசு சபைக் குருவாய் 1710-ல் இந்தியா வந்தபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. இருந்தும் தமிழ்ப் புலவர்களிடம் மாணாக்கராய் அமர்ந்தார். ஊர் ஊராய்ச் சென்று மக்களோடு பேசிப் பழகினார். 1726-ல் அர்ச். சூசையப்பரின் சரிதையை 3,615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடினார்.

அதோடு நின்றாரோ? தமக்குப் பின் கற்போருக்கும் வழி செய்தார். அக்காலத்தில் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்தது ஒரு புள்ளியே. ஓலையில் அப்புள்ளியை இடாது விடுவர். எரியோ ஏரியோ என்று படிப்பவர் திகைப்பர். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். நிகண்டுச் செய்யுட்களை மனப்பாடம் செய்தோருக்கே சொற்பொருள் கிட்டிய நாளில், 1732-ல் சதுரகராதி இயற்றிச் சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கினார். புதிதாய் வரும் குருக்களுக்காகப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். 1747-ல் மரித்தார்.

ஆகையால் பெற்றோரே, பிள்ளை தப்பும் தவறுமாய் அயல்மொழி பேசினால் நகைக்காதீர்கள், திருத்திக் கொடுங்கள். பிள்ளைகளே, நீங்கள் இடறிய இடத்தில் அடுத்தவன் இடறாதபடி கைகொடுங்கள். நம் மொழிக்கு அகராதி தந்தவரும் ஒருநாள் அகரத்திலிருந்துதான் தொடங்கினார்.