மதுரையில் பிறந்த கணித மேதை

குழந்தைகளே! விருதுநகரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மதுரை வந்துவிடும். அந்த மதுரையில் 1806-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி பிறந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் கணங்கள் பாடத்தில் இவர் பெயரைப் படிப்பீர்கள். கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கும் இவரைத் தெரியாமல் முடியாது.

தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தைக்கு வலது கண் பார்வை போய்விட்டது. ஏழு மாதத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஒற்றைக் கண் பார்வை என்பதால் பள்ளியில் மற்ற பையன்களோடு விளையாட முடியவில்லை. ஆனால் கணக்கில் புலி!

கேம்பிரிட்ஜில் 1827-இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். மேற்பட்டம் வேண்டுமானால் மதக் கொள்கைகளை ஏற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். மனம் ஒப்பாததற்குக் கையெழுத்திட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அங்கே ஆசிரியராகும் வாய்ப்பு போயிற்று. அடுத்த ஆண்டே, புதிதாகத் தொடங்கிய லண்டன் பல்கலைக்கழகம் அவரைக் கணிதப் பேராசிரியராக்கியது. அப்போது வயது 21தான்!

மெய், பொய் என்பதைக் கணக்குப் போலவே ஆராய முடியும் என்று நம்பினார். 1847-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் ஜார்ஜ் பூலும் ஒரு நூல் வெளியிட்டு, மெய்யை 1 என்றும் பொய்யை 0 என்றும் எழுதிக் காட்டினார்.

டி மார்கன் விதி என்ன சொல்கிறது? நம் சிவகாசிக்கே வருவோம். பட்டாசு ஆலை வாசலில் காவலாளி சோதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியோ செல்போனோ வைத்திருப்பவர் உள்ளே போகக் கூடாது. அப்படியானால் உள்ளே போகிறவரிடம் தீப்பெட்டியும் இருக்கக் கூடாது, செல்போனும் இருக்கக் கூடாது. இது எளிது.

இப்போது கவனியுங்கள். இவரிடம் தீப்பெட்டியும் செல்போனும் இருக்கின்றன என்று ஒருவர் சொல்கிறார். அது பொய் என்று தெரிகிறது. உடனே, இரண்டுமே இல்லை என்று விட்டுவிடலாமா? கூடாது! செல்போன் மட்டும் இல்லாவிட்டாலும் அந்தப் பேச்சு பொய்தானே? தீப்பெட்டி பையிலேயே இருக்கலாம். இதில் காவலாளி ஏமாந்தால் என்ன ஆகும் என்று சிவகாசிப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் மெய்யா பொய்யா என்று பார்த்துப் பார்த்து வேலை செய்கிறது. எதை மெய் என்று கொள்வது என்பதில்தான் மொழிக்கு மொழி வழக்கு வேறு. சி, பைத்தான் மொழிகளில் 0 பொய். மற்ற எண்கள் எல்லாம் மெய். ரூபி மொழியில் 0-வும் மெய்! ஜாவாவோ, மெய்யா பொய்யா என்று கேட்கும் இடத்தில் வெறும் எண்ணை ஏற்கவே ஏற்காது. ஆனால் டி மார்கன் விதி எல்லா மொழிகளிலும் செல்லும்.

பிறந்த நாட்டையும் அவர் மறக்கவில்லை. டில்லி ஆசிரியர் ராமச்சந்திரா எழுதிய கணித நூலை 1859-இல் லண்டனில் மறுபதிப்பாக வரச் செய்தார். 1866-இல், மதக் கருத்தைக் காரணம் காட்டி ஒருவருக்குத் தம் கல்லூரியில் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டதும், தம் வேலையையே உதறினார். 1871-இல் காலமானார்.

புதிர் என்றால் அவருக்கு உயிர். தம் வயதை அதே வயதால் பெருக்கினால் அந்த ஆண்டு வரும்படி ஓர் ஆண்டு தமக்கு வாய்த்தது என்று வேடிக்கையாகச் சொல்வாராம். அப்போது அவருக்கு வயது 43. எந்த ஆண்டு? பெருக்கிப் பாருங்கள்!