பெரிய இன்ஜின் போட்டா போதுமா?

புராஜெக்ட்ல வண்டி நகரலைன்னா டீம்ல யாராவது ஒருத்தர் உடனே சொல்வாங்க: இன்னும் பெரிய மோட்டார் போடுவோம்னு. நீங்களே சொல்லியிருப்பீங்க. சில சமயம் அது சரிதான். சில சமயம் அந்த ஒரு முடிவு மொத்த டிசைனையும் மாத்த வெச்சிடும். இந்த ரெண்டையும் தன் உயிரையே பணயம் வெச்சுப் பார்த்தவர் அல்பெர்த்தோ சாந்தோஸ் துமோன்.

1873-ல் பிரேசிலில் பிறந்தார். அப்பா பாரிஸில் இன்ஜினியரிங் படித்த காபித் தோட்ட முதலாளி. தோட்டத்தில் ஓடிய மெஷின்களும் ரயில் இன்ஜின்களும்தான் பையனுக்கு விளையாட்டுப் பொருள். பெரியவனானதும் பாரிஸுக்குப் போய் பலூன், அதன்பின் இன்ஜின் பொருத்திய ஆகாயக் கப்பல் என்று இறங்கிவிட்டார். 1901 அக்டோபர் 19 அன்று தன் ஆறாவது கப்பலில் ஈபிள் கோபுரத்தைச் சுற்றி வந்து 1 லட்சம் பிராங்க் பரிசு வென்றார். பணத்தை என்ன செஞ்சார்னு நினைக்கிறீங்க? தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்கும் பாரிஸ் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டார்.

அடுத்தது விமானம். பெயர் 14-பிஸ். முதலில் போட்டது 24 எச்.பி. அந்த்வானெத் இன்ஜின். 1906 ஆகஸ்டில் முயன்றபோது அது தரையை விட்டுக் கிளம்பவில்லை. இன்ஜினை மாற்றி 50 எச்.பி. போட்டார். எடை கூடியது, ஆனால் பவர் அதைவிட அதிகமாகக் கூடியது. அக்டோபர் 23 அன்று சுமார் 60 மீட்டர் பறந்தது. நவம்பர் 12 அன்று 220 மீட்டர், 21.5 விநாடி. பாரிஸே கொண்டாடியது.

அப்போ பெரிய இன்ஜின்தான் விடையா? கொஞ்சம் பொறுங்க. 1903-லேயே ரைட் சகோதரர்கள் வெறும் 12 எச்.பி.யில் பறந்துவிட்டார்கள். அவர்களுக்கு நல்ல எதிர்காற்று கிடைத்தது உண்மை. ஆனால் முக்கியக் காரணம், மெதுவாகச் சுற்றும் இரண்டு பெரிய புரொப்பெல்லர்கள். இன்ஜின் தரும் பவரில் பெரும்பகுதியை அவை உந்துவிசையாக மாற்றின. இன்ஜின்ல எவ்வளவு பவர் இருக்குங்கறது பாதிக் கணக்குதான். அதுல எவ்வளவு காத்தைத் தள்ளுதுங்கறதுதான் மீதி.

சாந்தோஸ் துமோன் அடுத்து நேர் எதிர்த் திசையில் போனார். 1907-ல் அவர் செய்த 19-ஆம் எண் விமானத்துக்கு உடல் ஒரே மூங்கில். இரட்டை சிலிண்டர், 20 எச்.பி. இன்ஜின். ஆள் ஏறாத எடை நூறு கிலோகூட இல்லை. ஓட்டியவரும் குள்ளமான, ஒல்லியான மனிதர். பிறகு அதிலும் 24 எச்.பி. இன்ஜினைப் போட்டுப் பார்த்தார். கூடியது 4 எச்.பி.தான். ஆனால் இன்ஜின் கனமாச்சுன்னா இறக்கையை பலப்படுத்தணும். பலப்படுத்தினா அதுவும் எடை. அந்த எடைக்கு இன்னும் பவர் வேணும். இந்தச் சுழல்ல நாமளும் மாட்டியிருக்கோம், இல்லையா?

அவர் இன்ஜினோடு நிற்காமல் உடலையே திருத்தினார். ஒரு மூங்கில் மூன்றானது, இறக்கையும் உறுதியானது. 1909-ல் வந்த அந்த விமானம்தான் புகழ்பெற்ற தெமுவாசெல். அந்த செப்டம்பரில் சான்-சீரிலிருந்து பியூக் வரை 8 கிலோமீட்டரை ஏறக்குறைய 5 நிமிடத்தில் கடந்தார். கணக்குப் போட்டுப் பாருங்க, மணிக்கு 96 கிலோமீட்டர்!

அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1910-ல் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் வரைபடங்களை வெளியிட்டது. வீட்டிலேயே விமானம் கட்டும் பழக்கத்துக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

அதே ஆண்டு நோய் வந்து பறப்பதை நிறுத்தினார். தான் நேசித்த விமானம் போரில் குண்டு போடுவதைக் கண்டு மனம் நொந்தார். 1932 ஜூலை 23 அன்று பிரேசிலில் காலமானார். 14-பிஸ் பறந்தது வரைதான் பலருக்கும் தெரியும். எனக்கு அந்த மூன்று மூங்கில்தான் பெரிசு.

அடுத்த முறை பெரிய மோட்டாருக்கு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. பவர் வீணாகுதா? கூடற எடையை ஃபிரேம் தாங்குமா? சென்டர் ஆஃப் கிராவிட்டி எங்க நகரும்? மூணுக்கும் பதில் இருந்தா தாராளமா ஆர்டர் போடுங்க.