ஓலைக் கொட்டிலில் பூசை வைத்தவர்: புனித யோசப் வாஸ் அடிகளார்

குருவிட்டத் தோட்டங்களில் வளர்ந்த நமக்குப் பூசை என்றால் பிள்ளைக் காம்பராதான் ஞாபகத்திற்கு வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு சுவாமி வருவார். தொட்டில்களை ஒதுக்கி, மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பூசை நடக்கும். தனியே ஒரு சிற்றாலயம் கட்டினால் என்ன என்று பெரியவர்களிடம் கேட்போம். நிலம் தோட்டத்துடையது, துரை சம்மதிக்க வேண்டும். துரை சம்மதித்தாலும் ஆயரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆலயம் எழுப்பத் திருச்சபைச் சட்டம் விடாது என்பார்கள். அந்த நாட்களில் கேட்ட பெயர்தான் யோசப் வாஸ்.

அடிகளார் 1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனாவுலிமில் பிறந்தார். 1676இல் குருவானார். 1681இல் கன்னட நாட்டுக் கரையோரத்திற்கு அனுப்பப்பட்டபோது அங்கே ஒரு சட்டச் சிக்கல் காத்திருந்தது. போர்த்துக்கேய அரசரின் உரிமையில் வந்த ஆயருக்கா, ரோமாபுரி நேரே நியமித்தவருக்கா அதிகாரம் என்ற வழக்கு அது. மக்கள் இரண்டாகப் பிரிந்து நின்றனர். அடிகளார் பொறுமையாகச் சமாதானம் பேசியபடியே ஆலயங்களையும் எழுப்பினார்.

இலங்கையிலோ கட்டியிருந்த ஆலயங்களும் கைவிட்டுப் போயிருந்தன. ஒல்லாந்தர் அவற்றைத் தமது சபைக்கு எடுத்துக்கொண்டு, கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்தனர். 1687இல் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில், வயிற்றுளைவால் மெலிந்த உடம்போடு யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். தமிழ் கற்றார். இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார். வீடுகளில் பூசை வைப்பதை 1562இலேயே திரெந்துப் பொதுச்சங்கம் கட்டுப்படுத்தியிருந்தது. ஆலயமே இல்லாத நாட்டில் வேறு வழியும் இல்லை.

1692இல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையிட்டனர். காவல் சற்றுத் தளர்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, அங்கேயே ஒரு கொட்டில் போட்டுப் பீடம் அமைத்ததுதான். பிறகு, மழையின்றி நாடு வாடியபோது அவர் செபித்து மழை பெய்தது என்பது நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட கதை. இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சுதந்திரமாக நடமாட விட்டான். தலைநகரில் ஆலயமும் எழுந்தது. இதே மன்னன்தான் அரக்கானிலிருந்து பிக்குமாரை வரவழைத்துப் பௌத்த உபசம்பதாவைப் புதுப்பித்தவன். இந்நாளில் கோயில் கட்டுவதற்காகச் சண்டை பிடிப்பவர்கள் இதையும் படிக்கலாம்.

வைத்தியராகிய நமக்கு மிகவும் நெருக்கமானது 1697ஆம் ஆண்டு. கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் நகரைவிட்டு விலகினான். நோயாளரை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அடிகளாரும் அவரது மருமகனான யோசப் கார்வலியோ சுவாமியும் அவர்களைத் தேடி எடுத்தனர். வெறுமையாய்க் கிடந்த வீடுகளை மருத்துவமனை ஆக்கினர். சோறூட்டினர், புண் கழுவினர், இறந்தோரை அடக்கினர். ஜென்னரின் அம்மைப்பால் வர இன்னும் 99 ஆண்டுகள் இருந்தன. தண்ணீர், கஞ்சி, சுத்தம் இவற்றைத் தவிர அவர் கையில் எந்த மருந்தும் இல்லை. இவை கிடைத்தாலே பிழைக்கக்கூடிய நோயாளர் எத்தனையோ பேர் என்பதை வார்டில் வேலை செய்த எவரும் அறிவர். யார் எந்தச் சமயம் என்று அவர் பார்க்கவில்லை.

கொச்சி ஆயர் அவரை இலங்கையின் குருமுதல்வராக்கினார். அதைவிட உயர்ந்த பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். அந்த ஆலயம் பின்னாளில் அழிந்தது. கல்லறை இருந்த இடமும் இன்று தெரியவில்லை.

1995 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் காலியிலிருந்து பிரித்து இரத்தினபுரி மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது; ஆலயம் கட்ட அனுமதி கேட்டுக் காலி வரை எழுத வேண்டியதில்லை என்றாயிற்று. புனிதராக உயர்த்த இரண்டாவது புதுமை ஒன்று வேண்டும் என்பது வழக்கம். பாப்பரசர் பிரான்சிஸ் அதைத் தளர்த்தி, 2015 ஜனவரி 14இல் அவரைப் புனிதராக்கினார். அன்று காலிமுகத்திடலுக்குப் போக நம் தோட்டத்துப் பெண்கள் முதல்நாள் இரவே, கொழுந்து நிறுத்த கையோடு, கட்டுச்சோற்றுடன் பஸ் ஏறினார்கள்.